கேட்டுக்கு அந்தப் பக்கம்

திண்டுக்கல்காரர்கள் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வாசலைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயைத்தான் பார்ப்பார்கள். தண்ணீருக்குப் பயந்து இந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் ஒன்று உண்டு. அந்தப் பயம் இன்னும் யாருக்கும் விட்டுப்போகவில்லை. அடுப்படி இருட்டாக இருக்கட்டும், பீரோ நுழையாத வாசலாக இருக்கட்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்று கேட்டு, ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்து, உப்பில்லை என்றால் பாதி மனசு அங்கேயே குடியேறிவிடும். பாஸிலாவும் அப்படிக் குடித்துப் பார்த்துத்தான் அந்த வீட்டைப் பிடித்தாள். கோட்டை விட்டதும் அதில்தான்.

பாஸிலாவுக்கு முப்பத்தைந்து வயது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஒன்பதுக்குள் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். பதினோரு வருஷமாக சீசன் டிக்கெட்டில் ஏழரை மணி பாசஞ்சர் ஏறிப் போய்வருகிறாள். புருஷன் நியாஸ் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் சூப்பர்வைசர்; ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தரைக்கே பைக்கைக் கிளப்பிவிடுவான். ஒரே மகள் ஃபாயிஸா, ஐந்தாம் வகுப்பு. அவளுடைய பள்ளிக்கூட வேன் ஏழே முக்காலுக்கு முன்னால் வராது.

ஆக, ஏழு மணியிலிருந்து ஏழே முக்கால் வரை பிள்ளை தனி. வீடு தேடி அலைந்த அத்தனை நாளும் பாஸிலாவின் தலைக்குள் ஓடியது இந்த முக்கால் மணி நேரம்தான். பத்து வயசுப் பிள்ளை தானே கதவைப் பூட்டி, தானே நடந்துபோய் வேன் ஏற வேண்டும். அதற்குள் ஒரு விபரீதமும் நடக்கக் கூடாது. அப்படி ஒரு தெரு எந்த ஊரில் கிடைக்கும்?

பேகம்பூரில் அவர்கள் குடியிருந்த வீட்டில் இந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் தன் மகனுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார். கீழ்வீடும் வேண்டும், ஒன்றரை மாதத்தில் ஒதுக்கிக் கொடுங்கள் என்று ஒரு சட்டி பிரியாணியோடு வந்து சொன்னார். பிரியாணியைத் தின்றுவிட்டு மனுஷர்மேல் எப்படிக் கோபப்படுவது?

தேடல் தொடங்கியது. மதுரைக்கே போய்விடலாமா என்று பார்த்தால், அங்கே கேட்ட வாடகைக்கு பாஸிலாவின் சம்பளத்தில் பாதி போய்விடும். நியாஸும் தினம் இங்கே வந்து திரும்ப வேண்டும். சமயநல்லூர் பக்கம் ஒரு வீடு அமைந்தது. எல்லாம் பேசி முடித்து, பேரென்ன என்று கேட்டார்கள். பேரைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவர் திடீரென்று குடிவருவதாகிவிட்டது. இன்னொரு ஊரிலும் இதே உறவுக்காரர் இவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். வேடசந்தூர்ப் பக்கம் வாடகை மலிவு. ஆனால் ரயில் கிடையாது. நியாஸின் அக்கா சைதூன் இருக்கிற சித்தையன்கோட்டையில் வீடும் உண்டு, மனுஷர்களும் உண்டு. அங்கிருந்து பஸ் பிடித்து வந்து ரயில் ஏறினால் பாஸிலா போய்ச் சேரும்போது காலையில் எடுக்க வேண்டிய ரத்தமெல்லாம் எடுத்து முடித்திருப்பார்கள்.

ஒன்றரை மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் இருந்தபோது புரோக்கர் பொம்மையன் வந்து சேர்ந்தான். ஸ்டேஷனுக்குத் தெற்கே, ரயில்வே கேட்டைத் தாண்டி, புதிதாக வந்த தென்றல் நகர். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னான். வந்ததும் நேரே கூட்டிப்போகவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு டீக்கடையில் உட்கார வைத்து, டீ சொல்லி, வடை சொல்லி, தன் மூத்த மகளின் கல்யாணக் கதையைப் பாதி சொன்னான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து, வாங்க பாய் போகலாம் என்றான். போனால் கேட் திறந்து கிடந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போன மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஆளுக்கு ரயில் நேரமெல்லாம் தலைகீழ்ப் பாடம் என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

தெருவைப் பார்த்ததும் பாஸிலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முப்பது வீடு. முட்டுச்சந்து, அதனால் லாரி நுழையாது. நான்கு பிள்ளைகள் நடுத்தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இறகுப்பந்து யார் வாசலில் போய் விழுந்தாலும் எடுக்கப் போகிற பிள்ளையை யாரும் அதட்டவில்லை. வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்கார அம்மா பேரைக் கேட்டாள், சொன்னார்கள், நல்ல பேரா இருக்கே என்று சாவியைக் கொடுத்தாள். பாஸிலா நேரே கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு கை குடித்தாள். சர்க்கரை மாதிரி இருந்தது.

"மூணு நாளைக்கு ஒருக்கா வரும்மா, தரைக்கடியில சம்பு தொட்டி பெருசு," என்றான் பொம்மையன்.

அதற்கு மேல் என்ன கேட்க? தண்ணீரைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டாள். கேட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நியாஸும் கேட்கவில்லை. இந்த ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை.

குடிவந்த முதல் திங்கட்கிழமையே விஷயம் விளங்கிவிட்டது. ஏழு ஐந்துக்கு கேட் விழும். முதலில் வடக்கே போகிற எக்ஸ்பிரஸ், ஒரு கூட்ஸ், கடைசியாக ஸ்டேஷனிலிருந்து கிளம்பித் தெற்கே வருகிற பாஸிலாவின் பாசஞ்சர். மூன்றும் போன பிறகுதான், ஏழு நாற்பதுக்கு, கேட் ஏறும். அதாவது எந்த ரயிலை அவள் பிடிக்க வேண்டுமோ அதே ரயிலுக்காக அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்றைக்குத் தன் ரயில் தன் கண் முன்னாலேயே போவதை, சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் பார்த்தாள். லேபில் இன்னொரு நாள் தாமதமானால் அரைச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள்.

கால் மணி முந்திக் கிளம்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கிளம்பலாம்; பிள்ளை இன்னும் கால் மணி நேரம் தனியாக இருக்கும். பாஸிலாவுக்கு அதற்கு மட்டும் மனசு வரவில்லை. பிள்ளையை நினைத்துத்தான் அந்தக் கால் மணியைக் கொடுக்க மறுத்தாள். இதை நான் அவளுக்காகச் சொல்லியே ஆக வேண்டும்.

புதன்கிழமை அவள் குனிந்தாள். எல்லோரும்தான் குனிந்தார்கள். மில்லுக்குப் போகிற பெண்கள், சைக்கிளைச் சாய்த்துத் தள்ளுகிற கிழவர்கள், காலேஜ் பையன்கள், யார்தான் குனியவில்லை! தோளில் தொங்கும் பையை நெஞ்சுப் பக்கம் மாற்றி, ஒரு கையால் முந்தானையைப் பிடித்து, கம்பிக்குக் கீழே நுழைந்து, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, பத்து எட்டில் அக்கரை. அங்கே ஷேர் ஆட்டோ நிற்கும். ஒரு வாரத்தில் அது பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

திட்டுவதற்கு ஒரே ஒரு ஆள் இருந்தாள். கேட் கீப்பர் லூர்தம்மாள். ஐம்பதை நெருங்கியவள், நீலச் சட்டைக்குக் கீழே சேலை, காது கிழிகிற குரல். கேட்டுக்குத் தென்றல் நகர்ப் பக்கம் இருக்கிற சின்ன அறைதான் அவளுடைய ஆபீஸ். தினமும் யாரையாவது திட்டுவாள். பாஸிலாவைக் கூடுதலாகவே திட்டினாள்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில வேல பாக்குற பொம்பளதான நீ? அங்க வாரதையெல்லாம் பாத்துமா புத்தி வரல?"

பாஸிலா சிரித்துக்கொண்டே, நாளையிலிருந்து இல்லக்கா என்று சொல்லிவிட்டுப் போவாள். நாளைக்கும் அதையே சொல்லுவாள்.

மகளுக்கு மட்டும் கண்டிப்பான சட்டம் போட்டிருந்தாள். வேன் கேட்டைத் தாண்டி வராது. மாட்டிக்கொண்டால் மற்ற பிள்ளைகளுக்கு நேரமாகிவிடும் என்று டிரைவர் அக்கரையிலேயே நிறுத்திவிடுவார். ஆகையால் ஃபாயிஸா கேட் வரை நடந்து வந்து, லூர்தம்மாள் அறை ஓரமாக நின்று, அம்மாவின் ரயில் போன பிறகு, கேட் முழுசாக ஏறிய பிறகு, கூட்டத்தோடு கடக்க வேண்டும். குர்ஆன்மேல் சத்தியம் மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தாள். பிள்ளையும் அப்படியே செய்தது. பாஸிலா ரயிலில் இடதுபக்க ஜன்னலோரம் இடம் பிடிப்பாள். கேட்டைக் கடக்கும்போது ஃபாயிஸா கை ஆட்டுவாள். ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில், முக்கால் மணி நேரம் நல்லபடியாகக் கழிந்தது என்று பாஸிலாவுக்குத் தெரிந்துவிடும். பிறகுதான் அவளுக்குப் பசியே எடுக்கும். டிபன் டப்பாவைத் திறப்பாள்.

இப்படி நான்கு மாதம் ஓடியது.

மார்கழி மாதத்து ஒரு வியாழக்கிழமை. பாஸிலா குனிந்து, கடந்து, ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனபோது, வடக்கே போகிற எக்ஸ்பிரஸ் அரை மணி தாமதம் என்று ஒலிபெருக்கியில் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. பாசஞ்சர் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

கேட் நெருங்கியது. கை ஆட்டுவதற்காக எழுந்து கம்பியோரம் முகத்தை வைத்தாள். லூர்தம்மாள் பச்சைக் கொடியோடு நின்றாள். வழக்கமான இடத்தில் பிள்ளை இல்லை.

பிள்ளை கம்பிக்கு உள்ளே நின்றது. தண்டவாளத்துக்கு நாலு எட்டு தூரத்தில், ரயிலின் வால் எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. பள்ளிக்கூடப் பை முதுகில் இல்லை. நெஞ்சுப் பக்கம் மாற்றியிருந்தது. ஒரு கையால் பாவாடையைப் பிடித்திருந்தது. அம்மாவைக் கண்டதும் இன்னொரு கையை ஆட்டியது.

பாஸிலா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் பெட்டி கேட்டைக் கடந்துவிட்டது. அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, நிறுத்தாமல். வலதுபக்க ஜன்னலெல்லாம் இருண்டது. தாமதமாக வந்த எக்ஸ்பிரஸ் அடுத்த தண்டவாளத்தில் கேட்டை நோக்கிப் பாய்ந்து போனது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நான்கு மாதமாக அம்மாவின் ரயில்தான் கடைசி ரயில். இது போனால் பாதை சும்மா கிடக்கும் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்கு வேன் முந்தியே வந்து அக்கரையில் ஹாரன் அடித்திருக்கும். இந்த ரயிலின் வால் போனதும் பிள்ளை இறங்கி நடக்கும். இந்த ரயில் மறைத்துக்கொண்டிருப்பதால் அந்த ரயில் கண்ணுக்குத் தெரியாது.

யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று மட்டும் வாய் சொன்னது. செயினை இழுங்கள் என்று யாரோ கத்தினார்கள். எந்தச் செயின், எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. செயினை இழுத்து என்ன ஆகப்போகிறது? நடக்க வேண்டியது இதற்குள் நடந்து முடிந்திருக்கும். கை தானாகப் போனை எடுத்தது. நியாஸை அழைத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. தோல் ஷாப்பில் உள்ளே போகும்போது போனை வாங்கி வைத்துவிடுவார்கள். லூர்தம்மாளிடம் நான்கு மாதம் திட்டு வாங்கியிருக்கிறாள், நம்பர் வாங்கியதில்லை. கேட் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே நம்பர் பொம்மையனுடையது.

பொம்மையன் எடுத்துவிட்டான். டீக்கடையில்தான் இருந்தான். இவள் என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அவனுக்குப் புரிந்துவிட்டது.

"செத்த லைன்லயே இருங்கம்மா," என்றான்.

பிறகு செருப்புச் சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம். போனுக்குள்ளேயே எக்ஸ்பிரஸ் ஸ்டேஷன் பக்கம் கடகடவென்று தூரமாகிற சத்தம். அது முடிந்த பிறகு ஒரு கூட்டத்தின் சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதற்குக் கூட்டம்? பாஸிலா போனைக் காதோடு வைத்து நசுக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்து சீட்டில் இருந்த பெண் இவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பொம்மையன், வழி விடுங்கய்யா, வழி விடுங்கய்யா என்று சொல்லிக்கொண்டே போனான். அப்புறம் பேச்சே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் பாஸிலாவுக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கடைசியில் வேறொரு குரல் வந்தது. காது கிழிகிற அந்தக் குரல், அன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"பிள்ளை இருக்கு தாயி. என் கையிலதான் இருக்கு."

பாஸிலா அப்படியே கீழே, கூட்டத்துக் கால்களுக்கு நடுவில், உட்கார்ந்துவிட்டாள்.

அம்பாத்துரையில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வரும்போது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. ஃபாயிஸா லூர்தம்மாளின் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தாள். ஒரு பக்கச் சடை மட்டும் ரிப்பன் அவிழ்ந்து கிடந்தது. பாசஞ்சரின் கடைசிப் பெட்டி போய், பிள்ளை முதல் தண்டவாளத்தைத் தாண்டப் போன நேரத்தில், ஒரு கையில் கொடியோடு பாய்ந்து, இன்னொரு கையால் அந்தச் சடையைப் பிடித்துத்தான் லூர்தம்மாள் இழுத்திருக்கிறாள். இருவரும் ஜல்லியில் விழுந்திருக்கிறார்கள். லூர்தம்மாளின் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. தினம் இருநூறு பேருக்கு ரத்தம் எடுக்கிற பாஸிலாவுக்கு அதைப் பார்த்ததும் கண் இருட்டியது.

பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். அழுகை தீர்ந்ததும் கோபம் வந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கேட் திறந்த பிறகுதான் வரணும் என்று சொன்னேனா இல்லையா என்று உலுக்கினாள்.

ஃபாயிஸா அழவில்லை. திட்டு தன்மேல் எப்படி வந்தது என்று நிஜமாகவே விளங்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"தெனமும் தெருமுனையில நின்னு பாக்குறேன்ல, நீ போற மாதிரியேதாம்மா போனேன். பைய முன்னாடி மாத்திக்கிட்டேன். ரெண்டு பக்கமும் பாத்தேன். எல்லாம் சரியாத்தான செஞ்சேன்?"

பாஸிலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. லூர்தம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும்படி திட்டுகிறவள், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையின் அவிழ்ந்த சடையை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். திட்டியிருந்தால் பாஸிலாவுக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

அன்று சாயங்காலம் நியாஸ், இந்த வீடே வேண்டாம், காலி செய்துவிடலாம் என்றான். வீட்டில் என்ன குற்றம் என்று பாஸிலா கேட்டாள். தெருவில் குற்றமில்லை, தண்ணீரில் குற்றமில்லை, கேட்டிலும் குற்றமில்லை. அது மூட வேண்டிய நேரத்தில் மூடித்தான் இருந்தது. "குனிஞ்சது நாந்தான்," என்றாள்.

மறுநாள் லேபில் போய்ப் பத்து மணி டியூட்டி கேட்டு வாங்கினாள். அதற்குப் படி குறைவு. வீட்டுக்கு வர இரவு எட்டாகும். அடுத்து வரவேண்டிய சீனியர் பதவியும் தள்ளிப்போகும். எல்லாவற்றுக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பொம்மையன் எதிர்வீட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தான். அந்தப் பெண் கொல்லையில் தண்ணீரைக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸிலா போய், வீடு நல்ல வீடு, ஆனால் நாளைக்குக் காலை ஏழேகாலுக்கு கேட் பக்கம் ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாள். பொம்மையனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஓடியது அவன்தானே.

திங்கட்கிழமை காலை தாயும் மகளும் கைகோத்து கேட்டுக்கு வந்து கம்பிக்கு வெளியே நின்றார்கள். இருபுறமும் ஆட்கள் குனிந்து போய்க்கொண்டிருந்தார்கள். மில் பெண் ஒருத்தி, வாங்கக்கா, இன்னும் நேரம் இருக்கு என்று பாஸிலாவைக் கூப்பிட்டாள். பாஸிலா தலையை ஆட்டி மறுத்தாள். எக்ஸ்பிரஸ் போனது. கூட்ஸ் போனது. பிறகு அவளுடைய ஏழரை மணி பாசஞ்சர், பதினோரு வருஷமாக அவள் ஏறிய அதே பாசஞ்சர், அவள் இல்லாமல் வந்தது.

இடதுபக்க ஜன்னல் ஒன்று கடந்தபோது ஃபாயிஸா கையை உயர்த்தி ஆட்டினாள். அம்மாவின் விரல்களை இன்னொரு கையில் பிடித்தபடியே ஆட்டினாள்.

"யாருக்குடி டாட்டா காட்டுற? நான் இங்கதான இருக்கேன்?" என்றாள் பாஸிலா.

ஃபாயிஸா கையை இறக்கி, வெட்கத்தோடு சிரித்தாள்.

"பழகிப்போச்சும்மா."

பாஸிலா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் இன்னும் ஏறவில்லை.